ஊட்டி மலையேறும் காற்றுக்கு எடை என்ன?

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டையை எண்ணி யாரும் விலை பேச மாட்டார்கள். நீலகிரியிலிருந்து இறங்கும் மூட்டைகள் பார்வைக்கு ஒரே உயரம், ஒரே பருமன்தான். ஆனால் ஒன்றில் பெரிய கிழங்காக இருக்கும், நடுவில் இடைவெளி அதிகம். இன்னொன்றில் சின்னக் கிழங்கு, நெருக்கமாக அடைந்திருக்கும். தராசில் ஏற்றி இறக்கிய பிறகுதான் பேச்சே தொடங்கும். மூட்டை என்பது தூக்கிப் போவதற்கு, காசுக்குக் கிலோதான்.

வண்டி இன்ஜின் விஷயமும் இதேதான். ஆனால் அந்த ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் கார்புரேட்டர் பிரித்த ஒரு மெக்கானிக்குக்கு இது புரிய ஐம்பத்தெட்டு வயது வரை ஆனது. புரியவில்லை என்பதற்காக அவர் வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஊட்டி சாலையில் ஓடிய எத்தனையோ டாக்ஸிகளுக்கு அவர் காதுதான் டாக்டர்.

அந்தக் காலத்து சீசன் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. சித்திரை, வைகாசி வந்தால் அதிகாலையிலேயே வண்டிகள் கடை வாசலில் நிற்கும். "அண்ணா, மேல ஏத்தணுங்க" என்பார்கள் டிரைவர்கள். அவ்வளவுதான் பேச்சு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். ஐம்பது கிலோமீட்டர் சாலையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டும். சமவெளியில் ஒழுங்காக ஓடும் கார்புரேட்டர் வண்டி குன்னூரைத் தாண்டியதும் கறுப்புப் புகை கக்கும், இழுக்காது, பிளக் கரியாகும். அவர் பெட்டியில் ஒரு சைஸ் சின்ன ஜெட்டுகளை வைத்திருப்பார். ஜெட்டை மாற்றி, ஸ்குருவை ஒரு கால் திருகு திருகி, இன்ஜின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டு, "போலாம்" என்பார். இறங்கி வந்ததும் பழைய ஜெட்டையே மறுபடி மாட்டிவிட வேண்டும். போக ஒரு கூலி, வர ஒரு கூலி. அந்த வருமானத்தில்தான் வீடு கட்டினார்.

மேலே போனால் ஏன் புகைகிறது என்று கேட்டால், "அங்க காத்து லேசுங்க" என்பார். சரியான பதில்தான். ஆனால் எவ்வளவு லேசு, அதை எப்படி அளப்பது என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவே இல்லை. காது இருந்தது, ஜெட் இருந்தது.

2000-ம் ஆண்டை ஒட்டி கார்களில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. இன்ஜினுக்குப் பெட்ரோலை ஊசியால் பீய்ச்சுவது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்வது. அவர் பதறவில்லை, பைக்குகள் இருந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது புதுப் பைக்குகளிலும் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பழைய வண்டிகளும் ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போக, வாசலில் நிற்கும் வரிசை குறைந்தது. மலையேறும் வண்டிகள் கடையைத் திரும்பிப் பார்க்காமலே போயின. அவற்றுக்கு ஜெட் மாற்றத் தேவையில்லை. கல்லாறில் ஓடிய அதே வேகத்தில் ஊட்டியிலும் புகையில்லாமல் ஓடுகின்றன. "அதுவே பாத்துக்குதாமா" என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார். அதில் பொறாமை இல்லை, ஒரு சோர்வு இருந்தது.

கடையை ஒரு பேக்கரிக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று பேச்சு நடந்தது. முன்பணம் வாங்க ஒரு நல்ல நாளும் பார்த்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் மகள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கு அவள் பேங்க் பரீட்சை எழுத வேண்டும் என்று ஆசை. அப்பாவுக்கும் கிட்டத்தட்ட அதே எண்ணம்தான். கிரீஸ் கையோடு மகளைப் பார்க்க எந்த அப்பாவுக்குப் பிடிக்கும்? ஆனால் அவள் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு ஸ்கேனர். வண்டியின் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது என்பதைத் திரையில் எண்ணாகக் காட்டும். அவர் அதைத் தொடவில்லை.

"இதுல என்ன அம்மிணி தெரியும்?"

"இன்ஜின் எவ்வளவு காத்து இழுக்குதுன்னு தெரியுமுங்கப்பா."

"அது எனக்கே தெரியுமே. எண்ணூறு சி.சி.ன்னா எண்ணூறு சி.சி."

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. எண்ணூறு சி.சி. என்பது மூட்டை. இன்ஜின் சுற்றும்போது எத்தனை மூட்டை காற்று உள்ளே போகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். ஆனால் பெட்ரோல் எரிவது மூட்டைக் கணக்கில் அல்ல, எடைக் கணக்கில். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கோயம்புத்தூரானாலும் காஷ்மீரானாலும் இந்த விகிதம் மாறாது. மாறுவது மூட்டைக்குள் இருக்கும் சரக்கு.

அன்றிரவு மகள் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அழுத்தம், கெல்வின், மாறிலி என்று அவள் பேசப் பேச அவர் முகம் மூடிக்கொண்டே வந்தது. பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் கணக்குதான். அவர் எட்டாவதோடு நின்றவர். அடுப்படியிலிருந்து அம்மாதான் குறுக்கே வந்தாள்.

"ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒண்ணாங்க? படி ஒண்ணுதான். பொரிய வடிச்சு நாலு பேருக்குச் சோறு போட முடியுமா?"

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். (எடைகளுக்கும் அளவைகளுக்கும் மெட்ரிக் சட்டம் 1956-ல் வந்த பிறகும் எத்தனையோ கொங்கு வீடுகளில் படியும் உழக்கும் போகவில்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான் போலிருக்கிறது.)

ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போகத் தலையணை மாதிரி உப்பும். பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று அதேதான், வெளியே அழுத்துகிற காற்று குறைந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 97 கிலோபாஸ்கல் என்றால் ஊட்டியில் அது 78 அளவுக்கு இறங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதும், பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான்.

ஆனால் எடை அதே அளவுக்குக் குறைவதில்லை. மேலே குளிர். குளிர்ந்த காற்று நெருக்கமாக இருக்கும். அழுத்தம் எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தைக் குளிர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே காற்றை எடை போட இரண்டு விஷயம் தெரிய வேண்டும், அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு. அழுத்தத்தைப் பாஸ்கலில் எழுதி, 287 என்ற எண்ணால் வகுத்து, பிறகு வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டி அதனாலும் வகுத்தால், ஒரு லிட்டர் காற்றில் எத்தனை கிராம் என்பது வந்துவிடும். 287 என்பது காற்றுக்கே உரிய மாறிலி. வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் செய்வதும் இதைத்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் செய்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அவருக்கு உடனே பழைய ஞாபகம் ஒன்று வந்தது. 1990-களில் குன்னூர் எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் கார் வந்தது. அதில் கார்புரேட்டர் இல்லை. காற்று போகும் வழியில் ஒரு பெட்டி, அதற்குள் கதவு மாதிரி ஒரு தகடு. காற்று தள்ளினால் தகடு திறக்கும், ஸ்பிரிங் அதைப் பிடித்து இழுக்கும். எவ்வளவு திறந்திருக்கிறதோ அதைப் பார்த்து பெட்ரோல் போகும். கார் மலையில் புகைக்கிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். அவர் பெட்டியின் மூடியைப் பிரித்தார். உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பல்சக்கரத்தைப் பார்த்தார். அதை இரண்டு மூன்று பல் இறுக்கினார். புகை நின்றது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அது எல்-ஜெட்ரானிக்குங்கப்பா" என்றாள் மகள். பாஷ் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த முறை. 'லுஃப்ட்' என்றால் ஜெர்மன் மொழியில் காற்று, அந்த எல்தான். அதற்கு முன்பே, 1967-ல், அதே நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அந்த டி என்பது 'ட்ருக்', அதாவது அழுத்தம். காற்றை நேரடியாக அளக்காமல், இன்ஜின் உறிஞ்சும் குழாயின் அழுத்தத்தை அளந்து கணக்குப் போடும் முறை. நம் ஊர்ச் சின்ன வண்டிகளில் இன்று ஓடுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வழிதான், செலவு குறைவு.

தகடு முறையில் ஒரு விசித்திரம் உண்டு. தகட்டைத் தள்ளுவது காற்றின் கனமும் வேகமும் சேர்ந்து. காற்று லேசானால் தகடு கொஞ்சம் இறங்கும், ஆனால் எடை குறைந்த அளவுக்கு இறங்காது. எடை 20 சதவீதம் குறைந்தால் தகடு 10 சதவீதம் குறைந்ததாகத்தான் சொல்லும். பாதி உண்மை, பாதி பொய். சூட்டைத் திருத்திக்கொள்ள அந்தப் பெட்டியிலேயே ஒரு வெப்ப சென்சார் இருந்தது. உயரத்தைத் திருத்திக்கொள்ள அந்தக் காரில் எதுவும் இல்லை. குன்னூர் உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மகள் கணக்குப் போட்டாள். அந்தக் கார் அங்கே பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் பெட்ரோல் கூடுதலாகக் குடித்திருக்க வேண்டும்.

"நீங்க இறுக்கின பல்லு அந்தப் பத்து சதவீதத்தைத்தானுங்கப்பா குறைச்சிருக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் இருந்த அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் காதால் செய்த ஒரு வேலைக்கு ஓர் எண் இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயமில்லை.

இந்தத் தகட்டுப் பொய்யையும் தாண்டிய வழி ஒன்று 1980-களின் தொடக்கத்தில் வந்தது. காற்றுப் பாதையில் மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று. அதை மின்சாரத்தால் சூடாக்கி, சுற்றியுள்ள காற்றைவிட ஏறக்குறைய நூறு டிகிரி அதிகமாகவே வைத்திருப்பார்கள். ஓடும் காற்று கம்பியைக் குளிர்விக்கும். குளிராமல் காக்க எவ்வளவு மின்சாரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும். கம்பியின் சூட்டைத் திருடுவது காற்றின் மூலக்கூறுகள், மூலக்கூறு அதிகம் என்றால் எடை அதிகம். மூட்டையைத் தொடாமலே நேராகத் தராசில் ஏற்றிவிடுகிறது இந்தக் கம்பி. மேட்டுப்பாளையமா, ஊட்டியா என்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. சூடான கம்பிக்கும் காற்றோட்டத்துக்கும் உள்ள கணக்கை 1914-லேயே எல்.வி. கிங் என்ற கனடா நாட்டு இயற்பியலாளர் எழுதி வைத்துவிட்டார். கம்பியில் தூசி படிந்தால் கணக்கு கெடும். ஆகவே பழைய கார்களில் இன்ஜினை அணைத்ததும் கம்பி ஒரு விநாடி ஆயிரம் டிகிரிக்குச் சிவந்து தூசியைத் தானே எரித்துக்கொள்ளும். இதைக் கேட்டபோது மட்டும் அவர் "நெசமாவா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேக்கரிக்காரர் வரவேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு அந்த வேன் வந்தது.

குன்னூர்க் கடைகளுக்கு மளிகைச் சாமான் ஏற்றும் பழைய பெட்ரோல் வேன். எண்ணூறு சி.சி. இன்ஜின், டிரைவர் சீட்டுக்கு அடியில். ஓனரும் டிரைவரும் ஒருவரே, முப்பத்தைந்து வயதுக்காரர். ஃபைனான்ஸுக்கு இரண்டு மாதத் தவணை பாக்கி. வேறு இடங்களில் மூன்று முறை வேலை பார்த்தாயிற்று. பிளக், ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார், கடைசியாக இன்ஜெக்டர்கூட மாற்றியாயிற்று. அந்த பில்களை எல்லாம் ஒரு பாலிதீன் பையில் மடித்து வைத்திருந்தார்.

"என்னங்க தொந்தரவு?"

"கல்லாறு தாண்டி மொத வளைவுகள்ல இழுக்கவே மாட்டேங்குதுங்கண்ணா. கறுப்பா புகை. குன்னூர் கிட்ட போனா தானா சரியாயிருது. இந்த வாரம் வித்துப்போடலாம்னு இருக்கேனுங்க."

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவர் கேட்ட புகார் இதற்கு நேர் எதிர். கீழே நன்றாக ஓடும், மேலே புகைக்கும். இது கீழே புகைக்கிறது, மேலே தெளிகிறது. "தலைகீழால்ல இருக்குது?" என்று முனகினார்.

மகள் ஸ்கேனரைச் செருகினாள். எந்தப் பிழைக் குறியும் இல்லை. ஆனால் ஒரு வரி கண்ணை உறுத்தியது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், எரிந்தது சரியா என்று திரும்பத் திரும்பச் சொல்லும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், கடைசியில் பற்று வரவு மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கு மைனஸ் பத்தில் நின்றது. அதாவது கம்ப்யூட்டர் தானே போட்ட கணக்கில் பத்து சதவீதம் தப்பு என்று தெரிந்து, தானே வெட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரணமாக ஓட்டும்போது இது சமாளித்துவிடும். ஆனால் மலையில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது அந்த வண்டியின் கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்பதில்லை. தன் சொந்தக் கணக்கை நம்பி வேண்டுமென்றே கொஞ்சம் தாராளமாகவும் ஊற்றும். அந்தத் தாராளத்தின் மேல் இந்தப் பத்து சதவீதமும் சேர்ந்தால் கறுப்புப் புகைதான்.

ஏன் பத்து சதவீதம் தப்பு? அழுத்த சென்சார் 97 காட்டியது, சரி. சுற்று எண்ணிக்கை சரி. மகள் இன்ஜெக்டரைச் சந்தேகித்தாள். அது புதுசு.

"ஒவ்வொரு வரியா படி" என்றார் அவர். "எனக்குப் புரியற மாதிரி."

அவள் படித்தாள். "உள்ள போற காத்தோட சூடு, இருவது டிகிரி."

அவர் எழுந்துபோய், சீட்டைத் தூக்கி, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய் மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி, ஓடிவந்து நின்ற இன்ஜின்.

"கை வைக்க முடியல. இது இருவது டிகிரியா?"

மகள் திரையையே பார்த்தாள். இருபது. இன்ஜினை அணைத்து அரை மணி கழித்துப் பார்த்தாள், இருபது. மாலையிலும் இருபது.

சென்சாருக்குப் போகும் வயரைப் பின்தொடர்ந்து கறுப்பு டேப்பைப் பிரித்தபோது விஷயம் வெளியே வந்தது. சென்சார் இணைப்பில் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயருக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டர் பற்றவைக்கப்பட்டிருந்தது, இரண்டரை கிலோ-ஓம். வெப்ப சென்சார் என்பதே சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு பொருள்தான். இந்த வகைச் சென்சார் இருபது டிகிரியில் காட்டும் தடை ஏறக்குறைய இரண்டரை கிலோ-ஓம். எப்போதோ சென்சார் கெட்டு டாஷ்போர்டில் விளக்கு எரிந்திருக்கிறது. யாரோ புது சென்சார் போடாமல், 'எப்போதும் இருபது டிகிரி' என்று சொல்லும் ஒரு பொய்சாட்சியை நிறுத்திவிட்டார். விளக்கு அணைந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்பு வழியில் ஒரு கடையில் விளக்கை அணைக்கச் சொன்னதாக வேன்காரருக்கு மெதுவாக நினைவு வந்தது.

அன்று கடைச் சுவரில், ஆயில் கேலண்டருக்குப் பக்கத்தில், மகள் சாக்பீஸால் எழுதினாள். எண்ணூறு சி.சி. இன்ஜின், 3,000 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இன்ஜின் முழுதாக மூச்சிழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 1,500 மூச்சு, 1,200 லிட்டர். விநாடிக்கு 20 லிட்டர். எந்த இன்ஜினும் முழு மூச்சு இழுப்பதில்லை, எண்பது சதவீதம் என்று வைத்தால் 16 லிட்டர். இதுதான் மூட்டைக் கணக்கு.

இனி கிலோ. உண்மையான சூடு 50 டிகிரி என்றால், 97,000-ஐ 287-ஆல் வகுத்து, 323-ஆல் வகுத்தால், லிட்டருக்கு 1.05 கிராம். 16 லிட்டருக்கு 16.7 கிராம் காற்று. பொய் சொல்லும் இருபது டிகிரிக்கு 293-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 1.15 கிராம். 16 லிட்டருக்கு 18.5 கிராம். இல்லாத காற்றுக்கு, விநாடிக்கு 0.12 கிராம் பெட்ரோல் வெட்டியாகப் போகிறது. மலையில் முழு மிதியில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அரை லிட்டருக்கு மேல்.

"அப்ப மேல ஏன் சரியாகுது?" என்றார் வேன்காரர். இந்த முறை பதில் சொன்னது அவர்தான்.

"மேல குளுருதுங்க. குன்னூர், ஊட்டில காத்து நெசமாவே இருவத ஒட்டி வந்துரும். பொய்யும் நெசமும் அங்க ஒண்ணாயிருது."

சுவரில் மகள் அதையும் எழுதினாள். ஊட்டியில் அழுத்தம் 78, சூடு 25 என்றால் லிட்டருக்கு 0.91 கிராம். இருபது என்று நினைத்தால் 0.93. இரண்டு சதவீதம்கூட வித்தியாசமில்லை. நின்றுபோன கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு முறை சரியான மணி காட்டுவது மாதிரி, இந்த வேன் ஒரு பயணத்தில் கடைசி இருபது கிலோமீட்டர் சரியாக ஓடியிருக்கிறது.

ரெசிஸ்டர் வைத்தவரை வேன்காரர் திட்ட ஆரம்பித்தார். அவர் தடுத்தார். "வெளக்கு அணைஞ்சா வியாதி போச்சுன்னு நினைச்சிருப்பான். விடுங்க." இதில் அவர் கொஞ்சம் அதிகமாகவே பெருந்தன்மை காட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். பாலிதீன் பையில் இருந்த பில்களின் மொத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பெருந்தன்மை வராது. மாற்ற வேண்டியிருந்தது சில நூறு ரூபாய்ப் பொருள்.

புது சென்சார் மறுநாள் கோவையிலிருந்து வந்தது. மூவரும் சாமான் ஏற்றிய வேனிலேயே மலையேறினார்கள். மகள் நடுவில் ஸ்கேனரோடு. கல்லாறில் காற்றின் சூடு 48 காட்டியது, பர்லியார் தாண்டி 41, குன்னூரில் 29. பின்னால் புகை இல்லை. மைனஸ் பத்து மெல்ல மெல்லச் சுருங்கி மைனஸ் ஒன்றுக்கு வந்தது. அவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டே வந்தார். வழியில் ஒரு வளைவில், "இப்ப சரி" என்றார், மகள் திரையைப் பார்த்துச் சொல்வதற்கு முன்பே.

குன்னூரில் டீக்கடையில் நின்றபோது வேன்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "புகை போச்சுங்கண்ணா. ஆனா மேல வர வர இழுவை கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குது. அதையும் ஏதாச்சும்..."

"அது வண்டிக் கோளாறு இல்லீங்க. மேல மூட்டைல சரக்கே கம்மி. கம்ப்யூட்டர் அதுக்குத் தக்கன பெட்ரோல் குறைச்சு ஊத்துது. இருக்கற காத்துக்குத்தான் எரியும். அதுக்கு என்கிட்டயும் மருந்தில்ல, யாருகிட்டயும் இல்ல. இருக்குன்னு சொல்லி எதையாச்சும் மாட்ட வந்தா காசு குடுத்துறாதீங்க."

கூலியாக எவ்வளவு என்று வேன்காரர் கேட்டதற்கு அவர் மகளைக் கை காட்டினார். அவள் சொன்ன தொகை குறைவு என்று அவருக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. தவணை பாக்கி அவருக்கும் தெரியும்.

பேக்கரிக்காரர் குறித்த நாளில் வந்தார். ஆடி கழியட்டும் என்று சொல்லி அனுப்பினார். ஆடி கழிந்தும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அம்மா பேங்க் பரீட்சை விண்ணப்பங்களை நிறுத்தவில்லை, மகளும் எழுதப் போகாமல் இல்லை. இடையில் மலையேறும் பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் ஒன்றிரண்டு கடைக்கு வர ஆரம்பித்திருக்கின்றன. வேன்காரர்தான் அனுப்புகிறார். வருமானம் பழைய சீசன் மாதிரி இல்லை.

அவர் இப்போது ஸ்கேனரைத் தொடுகிறார். இங்கிலீஷ் எழுத்துகள் முழுக்கப் பிடிபடவில்லை, ஆனால் எந்த வரி அழுத்தம், எந்த வரி சூடு, எந்த வரி பற்று வரவு என்று இடத்தை வைத்து அடையாளம் வைத்திருக்கிறார். வண்டி எது வந்தாலும் முதலில் இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி அழுத்தத்தைப் பார்ப்பார். மேட்டுப்பாளையத்தில் 97-ஐ ஒட்டி இல்லையென்றால் அந்த சென்சாரே பொய் சொல்கிறது என்று அர்த்தம். பிறகு காற்றுக் குழாயில் கை வைப்பார். கையும் திரையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது.

ஐப்பசியில் ஒருநாள், குன்னூரில் மூடுபனிக்குள் ஒரு வண்டியைச் சோதித்துவிட்டு இறங்கும்போது மகளிடம் கேட்டார்.

"இந்த ஈரக் காத்து கனமாத்தானே இருக்கும்? தண்ணி கலந்திருக்குதே. அப்ப கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகாதா?"

"இல்லைங்கப்பா. நீராவி காத்தைவிட லேசு. ஈரக் காத்துதான் எடை கம்மி. ஆனா இந்தக் குளுருல ஒரு சதவீதம்கூட வராது."

"தண்ணி கலந்தா லேசாகுமா?"

"நீராவி மூலக்கூறுக்கு எடை பதினெட்டு. காத்துக்கு இருவத்தொம்பது. காத்து இருந்த எடத்துலதானே நீராவி வந்து உக்காருது?"

அவர் கண்ணாடியை இறக்கி வெளியே கையை நீட்டினார். பனி விரல்களில் ஈரமாகப் படிந்தது. கையை உள்ளே இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் அதை நம்பவில்லை.